ஸ்கேன் ரூம் திறக்கும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. நர்சிங் ஹோமில் ஸ்கேன் ரூம் போடப்போகிறாய், பக்கத்து ஊரில் மூடிய கிளினிக்கிலிருந்து பழைய மிஷின் மலிவாக வருகிறது, தங்கச்சியும் டி.ஜி.ஓ. (மகப்பேறு மருத்துவ டிப்ளமோ) முடித்து வந்தாச்சு. எல்லாம் சந்தோஷம். ஆனால் மிஷினுக்கு அட்வான்ஸ் மட்டும் இப்போதைக்குக் கொடுத்துவிடாதே.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி, பதிவு இல்லாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் மிஷினை விற்பதே குற்றம். புதுசு, பழசு என்ற பேதம் அதில் கிடையாது. வெறும் பித்தப்பைக் கல்லும் சிறுநீரகமும்தான் பார்க்கப்போகிறோம் என்றாலும் பதிவு வேண்டும். கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய மிஷினா என்பதுதான் கேள்வி. அதனால் விலைப்புள்ளியில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்கு. முதலில் விண்ணப்பம், பதிவு வந்த பிறகு பணம். பழைய மிஷின் என்பதால் இன்னொன்றும் கேட்டு வாங்கு: விற்கிறவர் தன் பதிவிலிருந்து அந்த மிஷினை நீக்கச் சொல்லிக் கொடுத்த கடிதத்தின் நகல், அலுவலக முத்திரையோடு. அது இல்லாவிட்டால் ஒரே சீரியல் நம்பர் இரண்டு இடத்தில் பதிவில் நிற்கும், விளக்கம் சொல்லும் வேலை உன் தலையில் விழும்.

விண்ணப்பம் ஃபார்ம் ஏ, இரண்டு பிரதி. பாலினம் கண்டறியும் சோதனை செய்யமாட்டோம், அறிவிப்புப் பலகை வைப்போம் என்று ஒரு அஃபிடவிட். ஸ்கேன் மட்டும் என்றால் கட்டணம் 25,000 ரூபாய். மரபணு ஆலோசனை, லேப், கிளினிக் எல்லாம் சேர்த்து நடத்தும் ஆஸ்பத்திரிக்கு 35,000. கொடுக்கும் இடம் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், நம்ம பாஷையில் ஜே.டி. ஆபீஸ். ஃபார்ம் பி-யில் வரும் சான்றிதழ் 5 வருஷத்துக்குச் செல்லும். ரெனியூவலுக்கு, முடியும் தேதிக்கு 30 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்; கட்டணம் பாதி. நீ 90 நாள் முன்பே காலண்டரில் குறித்து வை.

இந்தச் சான்றிதழ் ஆள், இடம், மிஷின் மூன்றையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. எந்த ஒன்று மாறினாலும் 30 நாள் முன்பே எழுதிக் கொடுத்து, சான்றிதழைத் திருத்தி வாங்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது, அதுவும் நல்ல எண்ணத்தில் செய்கிற காரியத்தில். மிஷின் பழுதாகும்; சர்வீஸ் ஆள் 'ரெண்டு நாளைக்கு வச்சுக்கங்க சார்' என்று வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். அந்த நிமிஷத்திலிருந்து உன் ரூமில் இருப்பது பதிவில்லாத மிஷின், சீல் வைக்க அது போதும். டெமோ மிஷினுக்கும் இதே கதைதான். தங்கச்சி ஊருக்குப் போன வாரத்தில் தெரிந்த டாக்டர் ஒருவர் வந்து பார்த்துக் கொடுப்பதும் அப்படியே. சான்றிதழில் பெயர் இருப்பவர் மட்டும்தான் ப்ரோபை, அதாவது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவியை, கையில் எடுக்கலாம். ஒரு டாக்டர் ஒரு மாவட்டத்தில் இரண்டு ஸ்கேன் சென்டருக்கு மேல் பதிவு செய்யக்கூடாது என்றும் விதியில் இருக்கிறது. பகுதி நேரத்துக்கு யாரையாவது சேர்ப்பதாக இருந்தால் ஏற்கெனவே எத்தனை இடத்தில் பெயர் இருக்கிறது என்று முதலில் கேள்.

அடுத்தது ஃபார்ம் எஃப். கர்ப்பிணி ஒருவருக்கு ஒரு ஸ்கேன் என்றால் ஒரு ஃபார்ம், விதிவிலக்கு கிடையாது. ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணுக்கு நீயே பக்கத்தில் இருந்து ஒன்றை நிரப்பிக் காட்டு. வயது 26 என்று எழுதினால் போதாது. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, மகன் எத்தனை, மகள் எத்தனை, ஒவ்வொருவர் வயதும் வேண்டும். தலைப்பிரசவம் என்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'இல்லை' என்று எழுதச் சொல். முகவரியில் ஊர் பெயர் மட்டும் இருந்தால் குறைதான். கதவு எண், தெரு, போன் நம்பர் வேண்டும். அனுப்பிய டாக்டரின் முழுப் பெயரும் முகவரியும் எழுதி, அவர் கொடுத்த சீட்டைப் பின்னால் பின் பண்ணி வைக்க வேண்டும். தங்கச்சியே தன் ஓ.பி. நோயாளியைப் பார்த்தால் 'செல்ஃப்' என்று எழுதலாம், ஆனால் எதற்காக ஸ்கேன் என்ற குறிப்பும் கேஸ் ஷீட்டும் கூடவே இருக்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் 'ரொட்டீன்' என்று எழுதிவிடுவார்கள், கூடாது. ஃபார்மிலேயே காரணங்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்துதான் குறிக்க வேண்டும்.

கர்ப்பிணியின் உறுதிமொழிக் கையெழுத்து ஸ்கேனுக்கு முன்னால் வாங்க வேண்டியது. கைநாட்டு என்றால் சாட்சியின் பெயர், உறவு, முகவரி, கையெழுத்து. டாக்டரின் உறுதிமொழி தனி. வேலை மிச்சம் என்று கட்டுக் கட்டாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தங்கச்சியை அந்தப் பக்கமே போகவிடாதே.

'ஒரு கட்டம் விட்டுப்போனால் குற்றமா, எழுத்துப் பிழைதானே?' என்று கேட்பாய். மகப்பேறு மருத்துவர்களின் சங்கமே இதைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆவணத்தை ஒழுங்காக வைக்காதது வெறும் குமாஸ்தாப் பிழை அல்ல என்று 2019 மே மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. பிரிவு 4(3)-இன்படி, பதிவேட்டில் குறையோ தப்போ இருந்தால், பாலினம் கண்டறிந்து சொல்லவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஸ்கேன் செய்தவருடையது. முதல் தடவைக்கு 3 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கெடுபிடி அதிகம் என்று டாக்டர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரூமுக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு வேறு தடயம் எதுவும் கிடையாது, பேப்பர்தான் இருக்கிறது. அதனால் எனக்குத் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். அந்த மாதம் ஒரு ஸ்கேன்கூட இல்லையென்றாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கு. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது எண்ணிக்கை: பதிவேட்டில் எத்தனை, ஃபார்ம் எத்தனை, அறிக்கையில் எத்தனை, மிஷினுக்குள் சேமித்த படங்கள் எத்தனை. வாரம் ஒருமுறை நீயே உட்கார்ந்து நான்கையும் ஒத்துப் பார். மிஷினின் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்றும் கவனி. பேட்டரி போன மிஷின் பழைய தேதியைக் காட்டிக்கொண்டிருக்கும், ஃபார்மில் வேறு தேதி இருக்கும். ஆவணங்கள் 2 வருஷம் இருக்க வேண்டும். வழக்கு ஏதாவது நடந்தால் அது முடியும் வரை. கம்ப்யூட்டரில் வைத்தாலும் அச்செடுத்துக் கையெழுத்தோடு ஃபைலில் வை. பாலினம் சொல்லப்படாது என்ற பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் இடத்தில் வேண்டும், சட்டத்தின் பிரதி ஒன்று மேஜையில் இருக்க வேண்டும், சான்றிதழ் சுவரில்.

பிரசவ வார்டின் கழிவைப் பற்றியும் கேட்டிருந்தாய். நஞ்சுக்கொடி, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பை. கையுறை, டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பு. ஊசியும் பிளேடும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா. உடைந்த ஆம்பூல் (கண்ணாடி மருந்துக் குப்பி) நீலம். அடிக்கடி நடக்கும் தப்பு, கையுறையை மஞ்சளில் போடுவது. 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கழிவை நிறுத்து எழுதும் உன் எடைப் புத்தகமும் அதை எடுத்துப் போகும் வண்டிக்காரர் ரசீதும் தினமும் ஒத்துப்போனால், ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டிய ஃபார்ம் 4, அதாவது வருஷ அறிக்கை, அரைமணி நேர வேலை. இல்லாவிட்டால் வருஷம் முழுவதையும் தோண்ட வேண்டியிருக்கும்.

ஃபார்ம் ஏ நிரப்பியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மிஷினின் பின்பக்க ஸ்டிக்கரையும் சேர்த்து எடு. சீரியல் நம்பரில் பூஜ்யத்தையும் 'ஓ'-வையும் மாற்றி எழுதிவிடுவார்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்