ஆற்றை அளக்க வேண்டும்

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். வீட்டில் அனைவரும் நலம். பெரியவருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சென்ற ஞாயிறன்று எங்கள் நலச்சங்கக் கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அடையாற்றில் வெள்ள ஆய்வு கேட்டு மனுக் கொடுக்க முடிச்சூரில் ஒருவழியாக எல்லோரும் இசைந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வீடுகளை ஒட்டிய கரையை மட்டும் அளந்தால் போதும், செலவு குறையும் என்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் செம்பரம்பாக்கத்தைத்தான் கைகாட்டுகிறார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே, ஆற்றோட்டத்தில் எங்களைத் தாண்டிக் கீழேதான் சேர்கிறது. முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது, தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. மழையும், மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, உபரிநீர் வழியும் கலங்கல் தாண்டி வந்த நீரும்தான். அந்த ஏரிகளிலிருந்து தொடங்காத ஆய்வு எங்களுக்கு எதற்கு?

நானும் நம் மீசைக்காரரும் டேப்புடன் தெருத்தெருவாகப் போய் அன்று நீர் நின்ற கறைகளை அளந்தோம். ஒரு வீட்டுக்காரர் கழுத்தளவு என்கிறார், எதிர்வீட்டுக்காரர் இடுப்பளவு என்கிறார். ஒருவர் அன்றிருந்த சாலையிலிருந்து கணக்குச் சொல்கிறார், மற்றவர் அதன்மேல் மீண்டும் மீண்டும் போட்டு உயர்ந்துவிட்ட இன்றைய சாலையிலிருந்து சொல்கிறார். முன்பு மூன்று படி ஏறிப் போன எதிர்வீட்டு வாசலுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கறையையும் கடல்மட்டத்திலிருந்து உயரம் குறித்த நிலையான அடையாளமான ஒரு பெஞ்ச் மார்க்கோடு இணைக்காத வரை, எங்கள் அளவெல்லாம் வெறும் பேச்சாகவே நிற்கும். போதாக்குறைக்கு ஆற்றின் மேற்பகுதியில் வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. மண் குடித்த மழையைத் தளமும் தாரும் குடிக்காது. அதே மழைக்கு ஆறு இன்னும் விரைவாக ஏறும். இன்றுள்ள வீடுகளோடு வரப்போகும் வீடுகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பணம்தான் பெருங்கவலை. 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலும் முடிச்சூர் செங்கல்பட்டிலும் இருக்கின்றன. ஒரே ஆற்றை இரண்டு கோப்புகளில் அளக்க முடியுமா? ஓர் அலுவலகத்தில், "வெள்ளம் வந்தால் நிவாரணத்துக்குப் பணம் உண்டு, அளப்பதற்கு ஏது?" என்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு எரிந்தது. 15ஆவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டைச் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் தணிப்புப் பணிக்கென்றும், 10 விழுக்காட்டை முன்தயாரிப்புக்கென்றும் பிரித்துப் பரிந்துரைத்தது. இரு கரைச் சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு அந்தப் பணத்தைத்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முப்பது ஆண்டு மதகும் கலங்கலுமாக வாழ்ந்தவன் நீ. எந்தெந்த இடத்தில் ஆற்றின் குறுக்கு வெட்டு எடுக்க வேண்டும், எத்தனை மழைமானி வேண்டும் என்பதை எழுதித்தர உன்னைவிட்டால் எனக்கு ஆளில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்பு இரண்டு நாள் வந்து போ. உயரம் அளக்கும் லெவல் கருவியை இரவல் கேட்டிருக்கிறேன். அதற்கான அளவுகோலை, அதாவது ஸ்டாஃபை, பிடிக்க மீசைக்காரர் தயார். ஏலகிரி முகாமில் போல அவர் தூங்கிவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி