லிப்டன் சீட்டுக்கு ஆள் கூட்டிவரும் தம்பி தங்கச்சிமாருக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

அப்புத்தளை டவுனில் பயணிகளை ஆட்டோவில் ஏற்றி, தம்பேதன்னைத் தேயிலை ஸ்டோரடியில் (தொழிற்சாலையடியில்) இறக்கி, அங்கிருந்து லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்கு ஏழு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போகிறீர்கள். உங்களில் பலர் லயத்துப் பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். கொழும்புக் கடைகளுக்குப் போகாமல் ஊரிலேயே ஒரு தொழில் அமைந்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அதே ரோட்டில் ஒரு கூட்டத்துக்குப் பின்னால் நடந்தேன். வழிகாட்டிய தம்பி நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஏழு கிலோமீட்டரும் ஒரே ஆளின் கதை. தேயிலை வியாபாரி லிப்டன் துரை 1890இல் வந்தார், தோட்டம் வாங்கினார், ஸ்டோர் கட்டினார், மேலே உட்கார்ந்து மலையைப் பார்த்தார். உச்சியில் கோப்பையோடு இருக்கும் சிலைக்குப் பக்கத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கதை முடிந்துவிட்டது.

துரைக்கு அந்தத் தோட்டம் ஏன் விலைக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அதற்கு முன் இந்த மலைநாடு முழுக்கக் கோப்பிக் காடு. 1869இல் நம்முடைய பதுளைப் பக்கம் மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் நோயின் அடையாளமான செம்மஞ்சள் தூள் முதலில் கண்ணில் பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து, தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்டுப் பார்த்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

நம் ஆட்களின் கதை திரும்பியதும் அங்கேதான். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படி விடாது. கொழுந்து வருடம் பூராவும் துளிர்க்கும். அதனால் குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. தங்கியவர்களின் பிள்ளைகளைத்தான் 1948இல் நாடில்லாதவர்கள் என்று சட்டம் போட்டுச் சொன்னார்கள். 2023இல், நம் ஆட்கள் இலங்கைக்கு வந்த இருநூறு வருட நினைவாக, நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மறுபடி நடந்தார்கள். இப்போது பெக்கோ பாதை என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மலையைச் சுற்றி நடக்க உலகமே வருகிறது. அந்தப் பழைய நடையையும் ஒரு வரி சொல்லுங்கள்.

லிப்டன் சீட் ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரம். ஆனாலும் மெல்ல நடந்தால் சின்னப் பிள்ளையும் ஏறிவிடலாம். மலையை வளைத்து வளைத்து ரோட்டை வெட்டி, ஓரத்தில் கல் அடுக்கி, மழைத்தண்ணி மண்ணை அரிக்காமல் வடிகான் வெட்டிய கைகள் அதைச் சுலபமாக்கியிருக்கின்றன. அந்தக் கல்லடுக்கின் பக்கத்தில் ஒரு நிமிடம் நிறுத்திக் காட்டுங்கள்.

இன்னொன்று, இதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வளைவில் நான்கைந்து பெண்கள் நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் படமெடுக்க, திரும்பிச் சிரிக்கச் சொல்லுங்கள் என்றார். தம்பி சொன்னார். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய ஒரு அக்கா, இரண்டு கையிலும் கொழுந்தோடு அப்படியே நின்றார். சரியாக வரவில்லை, இன்னொன்று. பிறகு கூடையைத் திருப்பி மாட்டச் சொல்லி இன்னொன்று. பக்கத்து நிரைக்காரிகள் அவரைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். அன்றைய கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பது உங்கள் அம்மாவைக் கேட்டாலே தெரியும். அக்கா நிமிர்ந்து பார்த்தது கேமராவை அல்ல, போய்விட்ட அந்த நிரையைத்தான்.

நிரையில் நிற்பவர்களை நிறுத்தாதீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்து, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் கூட்டிப்போங்கள். அக்கா, உங்களைப் படமெடுக்கலாமா என்று தமிழில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், அவர் பெயரை வந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு லயத்தின் பின்புறம், தண்ணிப் பீலிக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பி மரம் நிற்கிறது. பழம் சிவந்திருந்தால் கேட்டுவிட்டு ஒன்றைப் பறித்து வந்தவர்கள் கையில் கொடுங்கள். கதையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஓர் அக்கா