பன்னிரண்டு நாள்

பாம்பன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். புதுப் பாலத்தின் நடுப்பகுதியைத் தூக்குகிறார்கள் என்றால் சின்னவள் இன்னமும் கரைக்கு ஓடுகிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பொறியியல் பிள்ளைகளுக்கு வரலாறு, இலக்கியம், சமூகவியலைக் கட்டாயமாக்கினால் வெறுப்புதான் மிஞ்சும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

பெரியவன் போன மாதம் லீவுக்கு வந்தபோது ஒரு வரைபடம் கொண்டுவந்தான். கடல்பாசி அறுக்கும் கருவி, கடைசி வருஷ புராஜெக்ட். பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடலில் இறங்கிப் பாசி பறிக்கும் பெண்கள் படும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நல்ல மனசோடுதான் போட்டிருந்தான். பக்கத்து வீட்டு அக்காவும் பாசிக்குப் போகிறவர். அவரோடு கரைக்கு அனுப்பினேன். பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கிக்கொண்டு அவர் தண்ணீரில் இறங்கியதைப் பார்த்திருக்கிறான். அப்புறம், "தினமும் போனா இன்னும் காசு வருமே அக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

"மாசத்துக்குப் பன்னெண்டு நாள்தான் தம்பி. மத்த நாள் அது வளர வேணாமா?"

அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்தப் பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மீன்பிடித் தடைக்காலத்திலும் 45 நாள் பாசியைத் தொடுவதில்லை. பத்துப் பேர் அள்ளுவதை ஒரு கருவி அள்ளினால் இந்தக் கணக்கு என்ன ஆகும்? அன்று ராத்திரி பூராவும் அவன் தூங்கவில்லை. கட்டுப்பாட்டை யார் முதலில் பேசினார்கள், மீறினால் என்ன செய்வார்கள், 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது இவர்களைக் கேட்டார்களா என்று என்னைப் போட்டுத் துளைத்துவிட்டான். பாதிக்கு மேல் எனக்கே தெரியவில்லை, சேகர். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

2022-ல் பொறியியல் முதலாண்டில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள் சேர்த்தார்களே, இவனும் எழுதித் தேறியவன்தான். பரீட்சைக்கு முந்தின நாள் நோட்ஸைப் புரட்டினானாம், இப்போது ஒரு வரி ஞாபகமில்லை. உச்ச நீதிமன்றமே சொல்லிக் கட்டாயமான சுற்றுச்சூழல் பாடமும் பல இடங்களில் கைடு புத்தகமாகச் சுருங்கிவிட்டது. இதில் நீ சொல்வது சரிதான், மறுக்கவில்லை.

ஆனால் விருப்பப் பாடம் என்று விட்டால் இவனைப் போன்றவன் அந்தப் பக்கமே போகமாட்டான். பிளேஸ்மென்ட் பயம் விடாது. அமெரிக்க எம்.ஐ.டி.யிலேயே இலக்கியம், கலை, சமூக அறிவியல் பக்கம் எட்டுப் பாடம் முடிக்காமல் பட்டம் கிடையாது. அதனால் பாடத்தைக் கட்டாயமாக்குங்கள், மூன்று மணி நேரப் பரீட்சையை எடுத்துவிடுங்கள். யாருக்காகக் கருவி செய்கிறானோ அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, கேட்டதை எழுதிக் கொண்டுவரட்டும். மார்க் அதற்குக் கொடுங்கள். உங்கள் பாடத்திட்டக் குழுவில் இதை நீ பேசியே ஆக வேண்டும்.

அடுத்த அமாவாசைக்கு உன் மாணவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா. அக்காவிடம் சொல்லி வைக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முனியசாமி