மொட்டை மாடிச் சாவியைக் குடியிருப்போரிடம் கொடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று பிற்பகல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்றில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவை மின்கம்பிகளையும் கம்பங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்ததால், நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு நான்காம் நாள் மாலைதான் மின்சாரம் வந்தது. இடைப்பட்ட மூன்று இரவுகளை நாங்கள் கழித்த விதத்தை முன்வைத்தே உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

முதல் இரவிலேயே இன்வெர்ட்டர்கள் அடங்கிவிட்டன. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி வற்றியது. கைபேசிகளுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு ஐந்து வாரம்கூட ஆகாத நேரம் அது. ஏடிஎம் இயந்திரங்களும் நின்றுபோனபின், வீட்டுக்கு வீடு இருந்த சில்லறையைத் திரட்டித்தான் தண்ணீர் கேன் வாங்கினோம்.

மறுநாள் காலை, என்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் தவித்த கல்லூரித் தோழிகள் இருவர், விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். நாங்கள் மூவரும் பக்கத்துத் தனிவீட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீரை மாடிக்குச் சுமந்துகொண்டிருந்தபோதுதான், மூன்றாம் தளத்தில் தனியாக வசிக்கும் பாட்டியின் கதவைத் தட்டினோம். ஆறு ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில் இருந்தும் அவரிடம் நான் நின்று பேசியதில்லை என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகனின் அழைப்பு வராததால் இரவு முழுவதும் உறங்காமல் இருந்த அவர், எங்களுக்குச் சொன்ன முதல் யோசனை இதுதான்: “எல்லார் வீட்டு மாவும் இன்றைக்குப் புளித்துவிடும், மாடிக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள், ஒரே கல்லில் சுட்டுவிடலாம்.”

ஆனால் மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த பொறுப்பாளர் வெளியூரில் இருந்தார். அவரை அழைக்கவும் வழியில்லை. நெடுநேரம் கலந்து பேசிய பிறகு பூட்டை உடைத்தோம்.

அன்று மாலை யாரோ எரிவாயு அடுப்பைத் தூக்கி வந்தார்கள். எட்டு வீட்டு மாவு வந்தது. கெட்டுப்போகும் முன் காய்ச்சிய பாலில் எல்லாருக்கும் காப்பி கிடைத்தது. புயலடித்த நாள் திருக்கார்த்திகை என்பதால், ஏற்ற முடியாமல் போன அகலும் திரியும் எல்லார் வீட்டிலும் அப்படியே இருந்தன. அவற்றைப் பிள்ளைகள் படிக்கட்டுத் திருப்பங்களில் வரிசையாக ஏற்றி வைத்தார்கள். அறுந்த கம்பிகள் கிடந்த தெருவுக்கு அவர்களை அனுப்ப முடியாத நிலையில், ஓடியாட இருந்த ஒரே வெளி அந்த மாடிதான். பௌர்ணமியை ஒட்டிய நிலா எழுந்தபோது, தெருவிளக்கு ஒன்றுகூட எரியாத நகரத்தின் கூரைகளெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெளுத்துத் தெரிந்தன. என் தோழிகள் அன்று வீடு திரும்பவில்லை. பாட்டியும் பாயை விரித்து எங்களோடு அங்கேயே படுத்துக்கொண்டார்.

மாடியைப் பூட்டுவதற்கு உங்களுக்குக் காரணங்கள் உண்டு என்பதை அறிவேன். பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது, தொட்டியில் எவரும் கைவைக்கக் கூடாது என்பவை நியாயமான அச்சங்களே. அதற்குக் கைப்பிடிச் சுவரை உயர்த்துங்கள், தொட்டி மூடிக்குத் தனிப்பூட்டு போடுங்கள். கதவின் சாவி மட்டும் ஒருவர் கையிலேயே இராமல், எப்போதும் கட்டடத்தில் இருக்கக்கூடிய இரண்டு வீடுகளிலும் காவலாளியிடமும் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் இருட்டுவதற்குள் கதவைத் திறப்பதும், தனியாக வாழும் முதியோரின் கதவை முதலில் தட்டுவதும் யார் பொறுப்பு என்பதைப் பெயர் குறித்து எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் கூடும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவள்