எழும்பூர் மாளிகையின் கதவைத் திறந்து வையுங்கள்

சென்னை ஃப்ரீமேசன் சபையினருக்கு, வணக்கம்.

கல்தச்சர் சங்கங்களின் வழியில் வளர்ந்து, உறுப்பினர்கள் மட்டும் கதவைச் சாத்திக் கூடும் சகோதர அமைப்பு உங்களுடையது. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் காவல்துறைத் தலைமையகத்தைக் கட்டியது அதன் கிளைச் சபையான பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ். கட்டிய ஆண்டு 1839. 1865-இல் காவல்துறை அதை மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிக்கொண்டது. 1990-களில் அதை இடிக்க ஏற்பாடானபோது, மரபுக் கட்டடங்கள்மீது பற்றுள்ளவர்கள் நீதிமன்றம் போய்க் காப்பாற்றினார்கள். அந்த வழியே தினமும் போய்வரும் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ஃப்ரீமேசன் என்று வாயெடுத்தாலே பிள்ளைகள் ‘இலுமினாட்டி’ என்கிறார்கள், முக்கோணத்துக்குள் கண்ணை வரைந்து காட்டுகிறார்கள். இலுமினாட்டி என்பது 1776-இல் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய தனிச் சங்கம். பத்து ஆண்டுகளுக்குள் அந்நாட்டு அரசு தடைபோட்டு அதை ஒடுக்கிவிட்டது. அந்தக் கண்ணோ, உங்கள் சபைகள் கையாள்வதற்கு வெகுகாலம் முன்பே கிறித்தவ ஓவியங்களில் கடவுளின் பார்வையாக இருந்தது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், “அப்போ ஏன் சார் கதவைச் சாத்திக்கிட்டு கூட்டம் போடறாங்க?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சொல்வதற்கு உங்களிடம் அழகான விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் சின்னங்களில் முக்கால்வாசி கொத்தனார் கையில் இருப்பவைதானே! செங்கோணம் பார்க்கும் மூலமட்டம் நேர்மையான நடத்தைக்கு. வட்டம் போடும் கவராயம் ஆசைக்கு எல்லை வகுக்க. மட்டம் பார்க்கும் கருவி எல்லோரும் சமம் என்பதற்கு, தூக்குக்குண்டு நிமிர்ந்து வாழ்வதற்கு. இருபத்து நான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரம். புதிதாகச் சேருகிறவர் இடுப்பில் கட்டும் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் கல்லுடைத்தவர்களின் உடை. செதுக்காத கல்லாக உள்ளே வருகிறவன் செதுக்கிய கல்லாக வேண்டும் என்பதுதான் முதல் பாடம். எங்கள் ஊர் மேஸ்திரியிடம் காட்டினால் பாதியை அவரே விளக்கிவிடுவார். எடின்பரோ கல்தச்சர் சபையின் கூட்டக் குறிப்புகள் 1599-இலிருந்து கிடைக்கின்றன. கல்லைத் தொட்டறியாத கனவான்கள் நாளடைவில் இப்படிப்பட்ட சபைகளில் சேர்ந்தார்கள். 1717-இல் லண்டனில் நான்கு சபைகள் ஒரு மதுக்கடையில் கூடித் தலைமைச் சபை அமைத்ததாக உங்கள் மரபே சொல்கிறது. இதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

நம் மண்ணின் கதை இன்னும் சுவையானது. மதராஸில் முதல் சபை 1752-இலேயே வந்துவிட்டது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உம்ரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றார். ஆனால் ‘எல்லோரும் சமம்’ என்ற அதே சபைதான் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்துவை ஒன்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்து, 1872-இல் உள்ளே விட்டது. இந்த வெட்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள்மேல் மதிப்புக் கூடும். பெண்களை நீங்கள் இன்றும் சேர்ப்பதில்லை. அடையாறில் வாழ்ந்த அன்னி பெசன்ட் ஆணும் பெண்ணும் சேரும் தனிக்கிளையில் 1902-இல் சேர்ந்து, அதைப் பரப்பினார். அதுவும் இந்த ஊர் வரலாறுதான். இந்தியத் தலைமைச் சபை 1961-இல் அமைந்தது. கூட்டத்தில் பைபிளோடு கீதையும் குர்ஆனும் குரு கிரந்த சாகிபும் பார்சிகளின் ஜெண்ட் அவெஸ்தாவும் வைக்கிறீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நேரில் காட்டுங்கள்.

லண்டனில் உங்கள் தாய்ச் சபை தன் மாளிகையில் அருங்காட்சியகமும் நூலகமும் வைத்து யாரையும் இலவசமாக உள்ளே விடுகிறது. 1751 முதல் 1921 வரையிலான உறுப்பினர் பதிவேடுகள் இணையத்துக்கே வந்துவிட்டன. மதராஸ் குடும்பம் ஒன்று தன் பாட்டனார் பெயரை லண்டன் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கிறது.

கேட்பது இரண்டே. ஆகஸ்டில் மதராஸ் தின வாரத்தில் ஆண்டுதோறும் ஒரு நாளாவது, முன்கூட்டியே அறிவித்து, உங்கள் சபை கூடும் எழும்பூர் மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்து வையுங்கள். கட்டம் போட்ட தரையையும் சின்னங்களையும் தமிழில் விளக்க ஒருவரை நிறுத்துங்கள். உங்கள் வசமுள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளை மின்படியாக்கித் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி கொடுங்கள். சடங்குகளின் ரகசியச் சொற்களும் சைகைகளும் உங்களிடமே இருக்கட்டும். அவற்றை யாரும் கேட்கவில்லை. தேதி சொல்லுங்கள், என் வகுப்புப் பிள்ளைகளை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
சென்னை வரலாற்று ஆசிரியர் ஒருவர்