மழைக்கு முன் காருக்கு வேக்ஸ்: சில வேண்டுகோள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் காரின் மேற்பூச்சுக்கு வேக்ஸ் போட்டு வைப்பது நம் டெல்டா மாவட்டங்களில், குறிப்பாகக் கோயில் சுற்றுலாவுக்குக் கார் ஓட்டுவோரிடையே, பழக்கமாகி வருகிறது. நல்ல பழக்கம். ஆனால் அதைச் செய்யும் அவசரத்தில், பூச்சைக் காக்க வேண்டிய வேலையே பூச்சைக் கெடுப்பதாக முடிவதைக் கண்டு வருந்தி இதை எழுதுகிறேன்.

இன்றைய கார்களில் நிறப்பூச்சுக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் அளவே உள்ள, தலைமுடியை விட மெல்லிய இந்தப் பூச்சுதான் வெயில், காக்கை எச்சம், கடற்காற்றின் உப்பு அனைத்தையும் முதலில் தாங்குகிறது. வேக்ஸும், அதைப் போலவே காப்புக்காகப் பூசப்படும் சீலன்ட்டும் அதன்மேல் படிந்து, அதற்கு வரும் தேய்மானத்தைத் தாம் ஏற்றுக்கொள்கின்றன. வேக்ஸில் சேர்க்கப்படும் கார்னூபா, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து கிடைப்பது. பளபளப்பு அருமையாக இருக்கும், ஆனால் நம் வெயிலில் இரண்டு மாதம் நின்றாலே பெரிது. செயற்கை பாலிமரால் ஆன சீலன்ட் நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்கும். எனவே புரட்டாசியில் போட்டு, தை அறுவடை வரை நிற்க வேண்டுமென்றால் சீலன்ட்டே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

எதைப் போடுகிறோம் என்பதைவிட, எதன்மேல் போடுகிறோம் என்பதே முக்கியம். நெல்லை அவிக்க உமியை எரிக்கும் அரிசி ஆலைகள் நம் ஊர்களைச் சுற்றி நிறைய உள்ளன. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். விடியற்காலையில் பனி ஈரத்தோடு பானட்டில் கரும்பொடியாக ஒட்டிக் கிடக்கும் இந்தச் சாம்பலை, தண்ணீர் கூட ஊற்றாமல் மஞ்சள் துணியால் வட்டம் வட்டமாகத் துடைக்கிறார்கள். கறுப்பு நிறக் காரை வெயிலில் நிறுத்திச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால், அந்தத் துணி போன வழியெல்லாம் கீறல்களாகத் தெரியும். சாலையில் நெல் காயவைக்கும் நாட்களில் பறக்கும் சுணையும் தூசியும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. முதலில் தாராளமாகத் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கி, பிறகு கார் ஷாம்பூ போட்டு மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். கழுவிய பின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பூச்சின்மேல் தடவிப் பார்த்தால், வெறுங்கைக்குப் படாத பொருக்குகள் நறநறவென்று தட்டுப்படும். அவற்றைக் கிளே பார் என்ற மிருதுவான களிக் கட்டியைக் கொண்டு, வழுக்குவதற்கான திரவம் தெளித்து எடுத்த பிறகே சீலன்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் அது பூச்சைப் பற்றாது.

சென்ற ஆண்டு நான் காரை விட்டிருந்த ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில், உச்சி வெயிலில், தகரம் சுடச்சுட இருக்கும்போதே மெஷின் பாலிஷ் போட்டு, அதன்மேல் வேக்ஸைப் பூசினார்கள். பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே சிறிது உராய்ந்து எடுப்பது. கீறல் இருந்தால் மட்டும், எப்போதாவது செய்ய வேண்டிய வேலை. அதை ஆண்டுதோறும் செய்தால் காக்க எதுவும் மிஞ்சாது. சுடும் பரப்பில் வேக்ஸ் உடனே காய்ந்து திட்டுத்திட்டாக நின்றுவிடும், ரப்பர் ஓரங்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். மேலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்; துவட்டாமல் வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் புள்ளிகள் விழும், அவற்றின்மேல் சீலன்ட் போட்டால் கறையும் உள்ளேயே தங்கிவிடும்.

நிழலில், சூடு ஆறிய பின், ஒவ்வொரு பகுதியாக மிக மெல்லிதாகப் பூசி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலே போதும். வேக்ஸின் மெருகும் வேண்டுமென்போர், சீலன்ட் நன்கு இறுகிய பிறகு அதன்மேல் வேக்ஸைப் பூசலாம். வரிசையை மாற்றக் கூடாது. இறுகும் வரை, டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்கு, தண்ணீர் படக் கூடாது என்பதால் அன்றிரவு பனியில் நிறுத்தாமல் இருப்பது நல்லது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: கல்பட்டுத் தகரம் தெரியும் இடத்தில் துருவை எந்த வேக்ஸும் தடுக்காது, அங்கே முதலில் டச்சப் பெயின்ட் வைக்க வேண்டும். வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும் அவசியம்.

வாட்டர் சர்வீஸ் கடை நடத்துவோர் வேலைக்கு முன் எதைப் போடுகிறார்கள், பாலிஷ் போடப் போகிறார்களா, சீலன்ட் இறுக எவ்வளவு நேரம் காரை வைத்திருப்பார்கள் என்பதைக் கட்டணப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு கூரையும் போட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாடுதுறை.