அந்தக் காலண்டர் அட்டைக்கு

அன்புள்ள சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும்,

நெறிகட்டியில் ஒன்றும் இல்லை. அம்மாவின் உள்ளங்காலில் வந்த தோல் புற்றுநோய் அங்கே பரவவில்லை. நேற்று நாலரை மணிக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு, மருத்துவமனை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். இந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கூடவே இருந்தீர்கள். ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செருப்பு தைக்கிற அண்ணன். பேர் எல்லாம் போடாதே என்றார், போடவில்லை. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போடுவது எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, தைத்துத் தருவது அவர். அளவெடுக்கப் பழைய காலண்டர் அட்டையில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார். கால் ஆணியோ காய்ப்போ புண்ணோ, காலில் எது கண்ணில் பட்டாலும் அட்டையில் அதே இடத்தில் அதே அளவுக்கு வட்டம் போட்டு வைப்பார். அந்த இடத்தில் ரப்பரைக் குடைந்தால்தான் கால் உறுத்தாது. தேதி எழுதி, சணல் கயிற்றில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருப்பார். ஊரில் எத்தனை பேர் பாதம் அந்தக் கயிற்றில் தொங்குகிறதோ!

சித்திரையில் புதுச் செருப்புக்குப் போனோம். அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஈரத்துணியால் துடைத்தார். பழைய அட்டையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் குதிகாலில் அவர் போட்ட வட்டம் துவரம் பருப்பு அளவு. இப்போது அங்கே இருந்தது புளியங்கொட்டை அளவு.

"அம்மா, ஆணின்னா தடிச்சிருக்கும், அழுத்துனா உசுரு போகும். இது வலிக்கவே இல்லைங்கிறீங்க. ஓரமும் மை கொட்டுன மாதிரி கலைஞ்சு கெடக்கு. தோல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. செருப்பு எங்க போகப்போகுது?"

கொடுத்த முன்பணத்தைத் திருப்பி என் கையில் வைத்தார். கூடவே அட்டையையும். "தங்கச்சி, இதையும் மறக்காமக் காட்டு."

அதற்கு முன்பெல்லாம், உள்ளங்காலில் மச்சம் வந்தால் ஊர் சுற்றும் யோகம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். காசிக்குப் போகப் போகிறேன் என்று அம்மா மகிழ்ந்தார். பிறகு அது பரவியபோது, பார்த்த ஒருவர் கால் ஆணி என்று சொல்லி மருந்து பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். எட்டு மாதம் ஒட்டினோம். நானே பிளேடால் சீவியும் விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

தோல் பிரிவில் அந்த டாக்டரம்மா அட்டையை மேசையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தார். அன்றைக்கு 5 மில்லிமீட்டர், இன்றைக்கு 13. "மச்சம்னு சொல்றதுல நாங்க முதல்ல கேட்கிறதே, மாறியிருக்கான்னுதான். இப்படி அளவோட யாரும் கொண்டுவந்து காட்டினதில்லை" என்றார். பிறகு ஜெல் தடவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எனக்கும் காட்டினார். உள்ளங்கால் ரேகை வரப்பும் வாய்க்காலுமாக ஓடுகிறது. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் நிற்குமாம். அம்மாவுக்கு வரப்பில் ஏறியிருந்தது. அன்றைக்கே பயாப்சிக்கு, அதாவது பரிசோதித்துப் பார்க்க, அதில் ஒரு துணுக்கு எடுத்தார்கள்.

வந்திருந்தது மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அது அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. 1981இல், 36 வயதில் போய்விட்டார். அம்மாவுக்கு அது தோலுக்குள் இறங்கியிருந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். இந்த ஆழத்தை வைத்துத்தான் எவ்வளவு அகலம் வெட்டுவது, நெறிகட்டியைப் பார்ப்பதா வேண்டாமா என்றெல்லாம் முடிவு செய்கிறார்கள். சுற்றிலும் 2 சென்டிமீட்டர் எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். இன்னும் ஓர் எட்டு மாதம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆழம் எங்கே போய் நின்றிருக்கும்?

மாடிப்படி ஏற முடியாத அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன ஆட்டோ தம்பிக்கும், நெறிகட்டியைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் ஏற்றியதால் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே காதில் சொன்ன நர்ஸ் அக்காவுக்கும், முறை வைத்து ரசமும் இட்லியும் அனுப்பிய எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும், கேட்காமலே லீவு போட்டுக் கொடுத்த அலுவலகத் தோழிகளுக்கும், இரவில் துணைக்குப் படுத்த சித்திக்கும் என் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருகிறேன்.

இனி மாதம் பிறந்தால் முதல் தேதி எங்கள் வீட்டில் கால் பார்க்கும் நாள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்து, சந்தேகமானது இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வைப்பேன். குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாத பெரியவர்கள் நம் தெருவிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

இன்று காலை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஒட்டுன தோலு குதிகால்ல எதுவரைக்கும் வருது?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தத் தோல் உரசல் தாங்காதாம், பள்ளத்தைப் பெரிதாகக் குடைய வேண்டுமாம். புண் நன்றாக ஆறட்டும், டாக்டர் சொன்ன பிறகு கூட்டி வா என்றார். பழைய அட்டை ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கிறது அண்ணே என்றேன்.

"இருக்கட்டும், அவங்களுக்கு வேணும்" என்று சொல்லி, போன வருஷக் காலண்டரிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்து, மேலே அம்மா பெயரை எழுதி, வெறும் அட்டையாகவே கயிற்றில் கோத்து வைத்தார்.